மோரிஸும் இரண்டு சம்பந்திகளும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு
பிரஷர் 140/90

டாக்டர் தினமும் பிரஷர் பார்த்து எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார். வெறும் நம்பர் போதாதாம். அன்றைக்கு என்ன நடந்தது, எதற்குக் கோபம் வந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டுமாம். எனக்குக் கோபமே வருவதில்லை என்றேன். டாக்டர் என் மனைவி வசந்தாமணியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து வீட்டில் சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு ஆடிப்பெருக்கு. மகள் தாரணியும் மாப்பிள்ளை நந்தகுமாரும் சம்பந்தி வெள்ளிங்கிரியும் சம்பந்தியம்மாவும் சூலூரிலிருந்து விருந்துக்கு வந்திருந்தார்கள். தாரணிக்கு ஆறாவது மாதம் நடக்கிறது. சமையலறையில் அவள் தன் அம்மாவிடம் சொல்லி அழுதது, அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போன என் காதில் விழுந்தது.

விஷயம் இரண்டு வருஷத்துப் பழையது. கல்யாணத்தன்று பெண்ணை என்னுடைய 1956 மாடல் மோரிஸ் மைனர் காரில் சூலூர் மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். இருகூர் பிரிவு தாண்டியதும் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் வந்து, பெண்ணோடு சேர்த்து வண்டியை மண்டப வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளிங்கிரியின் அக்கா நஞ்சம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றவர், "பொண்ணு ஏறுன வண்டி நின்னு போச்சே" என்று ஒரு வார்த்தை சொன்னார். வண்டி நின்றது, அந்த வார்த்தை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் கிரைண்டர் நின்றால் தாரணி ஏறிய நேரம். தண்ணி மோட்டார் எரிந்துபோனால் தாரணி ஏறிய நேரம். கரண்ட் போனால்கூட நஞ்சம்மாள் அவளை ஒரு பார்வை பார்க்கிறாராம். மகள் இத்தனை நாளும் சிரித்துக்கொண்டே விட்டிருக்கிறாள். போன வாரம், "பிரசவத்துக்குப் போறப்ப வேற யாராச்சும் வண்டியில முதல்ல ஏறட்டும், இவ ஏறுனா நடுவழியில நின்னுரும்" என்றாராம். அதற்குத்தான் இன்றைய அழுகை.

வண்டி ஏன் நின்றது என்று கேட்டால், பழைய வண்டி. அறுபத்தேழு வருஷம் ஓடிய இன்ஜின் நிற்கத்தான் செய்யும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சாப்பிடும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதம் பதினாலாம் தேதி கட்டுச்சோறு. பெண்ணைப் பெற்றவர்கள் பல வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், அங்கே எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிவரும் நாள். அன்றைக்கு அதே மோரிஸில் வருவேன், அதே மோரிஸில் என் மகளைக் கூட்டிப்போவேன் என்று பந்தியிலேயே சொல்லிவிட்டேன். தாரணி இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது.

உடனே வெள்ளிங்கிரி, "நான் வந்து கூடமாட ஒத்தாசை பண்றனுங்க சம்பந்தி" என்றார். மனிதர் அரசு பஸ் பணிமனை ஒன்றில் தலைமை மெக்கானிக்காக இருந்து மே மாதம்தான் ஓய்வுபெற்றார். நானும் முப்பத்தைந்து வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர். எனக்கு ஒத்தாசை தேவையில்லை. ஆனால் பெண்ணைக் கொடுத்த இடம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்
பிரஷர் 150/94

காலை எட்டு மணிக்கே பஸ் பிடித்து வந்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் சும்மா விட முடியுமா? வசந்தாமணி கேசரி, வடை, மூன்று சட்னி என்று போட்டுத் தாக்கினாள். பத்தரைக்குத்தான் ஷெட்டைத் திறந்தோம்.

தலைப்பகுதியில் முதல் நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பானரை அவரிடம் நீட்டி "நீங்க கழட்டுங்க" என்றேன். "உங்க வண்டிங்க, நீங்க கழட்டுங்க" என்றார். "நீங்க பெரிய மெக்கானிக்குங்க." "உங்க அனுபவம் எனக்கு வருமாங்க?" இப்படியே பத்து நிமிஷம். கடைசியில் ஆளுக்கு ஒரு கை பிடித்துக் கழற்றினோம். நட்டுக்கே வெட்கமாக இருந்திருக்கும்.

அலமாரியில் தூசி படிந்து ஒரு ஆயில் கேன் இருந்தது, சீல் பிரிக்காதது. எடுத்துத் துடைத்து அதில் ஒட்டியிருந்த கடை பில்லின் தேதியைப் படித்தார். அப்புறம் இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டு, "நல்ல ஆயிலுங்க" என்றார். நான் அடுத்த நட்டுக்குப் போனேன். இன்றைக்கு எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. பிரஷர் மெஷினில்தான் ஏதோ கோளாறு.

ஆகஸ்ட் 8, வெள்ளி
பிரஷர் 162/100

இன்ஜினை இறக்கிப் பிரித்தாயிற்று. பிஸ்டனில் கோடு கோடாகக் கீறல். பேரிங்குகள் கருகி நீலம் பாய்ந்து இருந்தன. வெள்ளிங்கிரி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நான் உள்ளேயே நின்று, ஏற்கெனவே துடைத்த ரின்ச்சை மறுபடி துடைத்தேன்.

திரும்பி வந்து, "வயசாச்சுன்னா இப்படித்தானுங்க ஆகும்" என்றார்.

மனிதர் நான் நினைத்த அளவுக்கு மோசமில்லை.

ஆகஸ்ட் 9, சனி
பிரஷர் 138/88

சம்பந்தி வரவில்லை. ஷெட்டில் தனியாக வேலை பார்க்க வசதியாக இருந்தது. பதினோரு மணிக்கே அலுத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்
பிரஷர் 142/90

இன்ஜின் பிளாக்கும் கிராங்க்கும் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் இருக்கின்றன. அங்கே இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காவல் காத்தோம். பட்டறைக்காரர் பிளாக்கை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது என்ன ஆயிலே இல்லாம…" என்று ஆரம்பித்தார். வெள்ளிங்கிரி அவரிடம் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார். பட்டறைக்காரர் டீக்கடைக்கு வழி சொன்னதில் பேச்சு மாறிவிட்டது.

டீக்கடையில் வெள்ளிங்கிரி தன் அக்காவைப் பற்றிச் சொன்னார். அம்மா போன பிறகு இவரை வளர்த்தது நஞ்சம்மாள்தானாம். இப்போதும் அக்கா குரல் கேட்டால் பீடியை மறைப்பாராம். பீடியை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கை மட்டும் இன்னும் மறைக்கப் போகிறது என்றார். தாரணியைப் பற்றி அக்கா பேசும்போதெல்லாம் நெஞ்சு அறுக்கிறது, ஆனால் எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்றார். பிறகு நான் ஏதாவது சொல்வேனோ என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். நான் வடை சொன்னேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
பிரஷர் 136/86

எல்லாம் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங். மூன்று நாளாகப் பூட்டிக்கொண்டிருக்கிறோம். கேசரி நின்றுவிட்டது. வசந்தாமணி நேற்று வைத்த கத்திரிக்காய்க் குழம்பைச் சம்பந்திக்கு ஊற்றினாள். "பழசுதானுங்க ருசி" என்று இரண்டு தரம் கேட்டு வாங்கினார். ஸ்பானரைக்கூட இப்போதெல்லாம் இரண்டு தரம் நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்.

இருந்தும் குற்றம் சொல்வது மட்டும் இரண்டு பேருக்கும் வரவில்லை. நான் ஒரு வாஷரைப் போட மறந்தேன். அவர் சொல்லவில்லை, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அது அதனிடத்தில் இருந்தது. அவர் ஒரு போல்ட்டை ஒழுங்காக இறுக்கவில்லை. நானும் சொல்லவில்லை, அவர் கை கழுவப் போனபோது இறுக்கிவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் "இது தப்புங்க" என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்கு அந்த வீட்டில் என் பெண் அல்லவா இருக்க வேண்டும்?

ஆகஸ்ட் 29, வெள்ளி
பிரஷர் 144/92

ஆயில் ஊற்றினேன். குச்சியை விட்டு மட்டம் பார்த்தேன். சரியாக இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு தரம் பார்த்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாம் தரம் பார்த்தேன். வெள்ளிங்கிரி ஷெட்டின் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

டிஸ்ட்ரிப்யூட்டரை அவர்தான் மாட்டினார். எந்த சிலிண்டருக்கு எப்போது தீப்பொறி போக வேண்டும் என்று பங்கிட்டு அனுப்புகிற சாமான் அது. அவர் ஆயுள் முழுக்க டீசல் பஸ் பார்த்தவர். டீசலுக்குத் தீப்பொறியும் கிடையாது, இந்தப் பங்கீடும் கிடையாது. நான் பார்க்கட்டுமா என்று கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் உங்களுக்குத் தெரியாது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
பிரஷர் 170/104

முதல் முயற்சி. மாப்பிள்ளையும் தாரணியும் வந்திருந்தார்கள். வசந்தாமணி எலுமிச்சம்பழம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். வண்டியைக் கிளப்ப செல்ஃபை இழுத்தேன். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இன்னும் இழுத்தேன். சைலன்சரில் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக் கோழிகள் தெருவில் இறங்கின. ஆறு தரம் இழுத்தோம், ஆறு வெடி. அப்புறம் பேட்டரி படுத்துவிட்டது.

தாரணி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, தான் வந்து நின்றதால்தானோ என்று அம்மாவிடம் மெல்லக் கேட்டாளாம். வசந்தாமணி வந்து சொன்னாள். அந்த எண்ணம் இப்போது அவளுக்கே வந்துவிட்டது. இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்
பிரஷர் 152/96

கண்டுபிடித்துவிட்டேன். ஆறு மணி பஸ்ஸுக்கு வெள்ளிங்கிரி கிளம்பியதும், முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு முன்பக்கம் ஹாண்டில் செருகி இன்ஜினை மெதுவாகச் சுற்றினேன். காற்று விரலைத் தள்ளுகிற நேரத்தில் முதல் சிலிண்டருக்குத் தீப்பொறி போக வேண்டும். டிஸ்ட்ரிப்யூட்டரோ கடைசி சிலிண்டருக்கு நேராகக் காட்டுகிறது. மனிதர் அதை நேர் எதிராக, அரைச் சுற்று தள்ளி மாட்டிவிட்டார். சோறு போட வேண்டிய நேரத்தில் கை கழுவத் தண்ணீர் கொடுத்தால் எப்படி?

சொன்னால் சங்கடப்படுவார். நாற்பது வருஷ சர்வீஸ் உள்ளவர். ஆகவே டிஸ்ட்ரிப்யூட்டரைத் தொடவில்லை. அதன் மூடியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் நான்கு ஒயர்களையும் மட்டும் எதிரெதிராக மாற்றிச் செருகினேன். பலன் ஒன்றுதான். அவருக்குத் தெரியவும் தெரியாது. நாளைக்கு வண்டி பிடித்துவிடும். அவர் மாட்டியதுதான் வேலை செய்தது என்று அவரும் சந்தோஷப்படட்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்
பிரஷர் 168/102

வெடி.

நான் காலை நடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போதே வெள்ளிங்கிரி வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு முகம் தெளிவாக, ரொம்பத் தைரியமாக இருந்தார். நானும் அப்படித்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே செல்ஃபை இழுத்தோம். வெடித்தது. இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், வண்டி பிடிக்கும் என்று என்னைவிட அவர் அதிகம் நம்பியிருந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் மறுபடி கட்டைவிரல் வைத்துப் பார்த்தேன். மறுபடி எதிராகவே காட்டுகிறது. ஒயரை நான்தான் நேற்று இருட்டில் தப்பாகச் செருகியிருப்பேன் போல. மாற்றிச் செருகினேன்.

செப்டம்பர் 3, புதன்
பிரஷர் 166/100

வெடி. சாயங்காலம் பார்த்தால் மறுபடி எதிர். மாற்றிச் செருகினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி
பிரஷர் 172/106

நேற்றும் வெடி, இன்றைக்கும் வெடி. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தன் கோழிகள் முட்டை இடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் சரியாகச் செருகுகிறேன், மூன்று தரம் சரிபார்க்கிறேன், காலையில் தப்பாக இருக்கிறது. இது வயதா, மறதியா? மறதி எனக்குப் புதிதில்லை என்று வசந்தாமணி சொல்வாள். அவளிடம் சொல்லவில்லை. வெள்ளிங்கிரியும் நான்கு நாளாக ஒரு மாதிரி இருக்கிறார். மத்தியானம் சாப்பிடும்போது, தன் கண்ணில் புரை விழுந்திருக்குமோ என்று கேட்டார். பாவமாக இருந்தது.

கட்டுச்சோற்றுக்கு இன்னும் ஒன்பது நாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்
பிரஷர் 174/108

டாக்டர் டைரியை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றையும் படித்தார். கடைசியில், ஆகஸ்ட் மூன்றாம் தேதிப் பக்கத்தில் வண்டி ஏன் நின்றது என்ற இடத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கிறீர்களே என்று கேட்டார். பேனா சரியில்லை என்றேன். மாத்திரையைக் கூட்டினார்.

தாரணி போன் செய்தாள். வண்டி இல்லாவிட்டால் பரவாயில்லை அப்பா, டாக்ஸியில் வாருங்கள் என்றாள். பரவாயில்லை என்று அவள் சொல்லும் விதம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் பலூன் பறந்துபோனபோதும் அப்படித்தான் சொல்வாள்.

செப்டம்பர் 11, வியாழன்

நடைக்குக் கிளம்பினேன். குளத்து மேட்டுக்குப் போவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. பாதியில் திரும்பினேன். ஷெட் திறந்திருந்தது. உள்ளே வெள்ளிங்கிரி குனிந்து நிற்கிறார். கையில் டிஸ்ட்ரிப்யூட்டர். அதை அரைச் சுற்று திருப்பி உள்ளே இறக்கப் போகிறார். என்னைக் கண்டதும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அக்காவைக் கண்டால் பீடியை மறைக்கிற அதே கைதான்.

என்னங்க இது என்றேன். முதல் வெடி வெடித்த மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் தான் எதிராக மாட்டியது அவருக்கு உறைத்ததாம். தலைமை மெக்கானிக் என்று பேர் வாங்கியவன் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று, மறுநாள் நான் நடைக்குப் போயிருக்கும்போது முதல் பஸ்ஸில் வந்து சத்தமில்லாமல் திருப்பி மாட்டியிருக்கிறார். அன்றைக்கும் வெடித்ததால், முதலில் மாட்டியதுதான் சரியோ என்று மறுநாள் பழையபடி திருப்பியிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் மறுபடி. இப்படித் தினமும்.

நானும் சொன்னேன். அவர் மனசு நோகக் கூடாது என்று சாயங்காலம்தோறும் ஒயரை மாற்றியதைச் சொன்னேன். அவர் காலையில் திருப்பியதை நான் சாயங்காலம் மாற்றியிருக்கிறேன். நான் மாற்றியதை அவர் காலையில் திருப்பியிருக்கிறார். பத்து நாளாக ஒவ்வொரு ராத்திரியும் வண்டி சரியாகத்தான் நின்றிருக்கிறது. ராத்திரி யாரும் செல்ஃபை இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

வசந்தாமணி காப்பியோடு வாசலில் நின்றிருந்தாள். "ஒருத்தரு காத்தால வந்து திருப்பறாரு, இன்னொருத்தரு பொழுதோட போய் மாத்தறாரு. நடுவுல மாட்டுன வண்டி என்னதான் பண்ணும்" என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். இரண்டு பெரிய மெக்கானிக்குகள் ஏதோ முறைப்படி செய்கிறார்கள் என்று நினைத்ததாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமாம், கோபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன, பத்து நாள் போயிற்றே என்று சம்பந்தி என்றும் பாராமல் கேட்டுவிட்டேன். வெள்ளிங்கிரி டிஸ்ட்ரிப்யூட்டரை மட்கார்டின் மேல் வைத்தார்.

"சொல்லாம இருக்கறதப் பத்தி நீங்க பேசறீங்களாங்க? பேரிங்கப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியுமுங்க. இது ஆயில் இல்லாம ஓடுன வண்டி. அந்தக் கேனு சீல் பிரிக்காம அங்கயே இருக்குது. கல்யாணத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி வாங்குன கேனு."

 ஷெட் வாசற்படியில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரிந்தவர் ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா உங்க மேல பழி போட்ட மாதிரி ஆகிப்போகும். அது நீங்க சொல்லோணுமுங்க."

 தூறல் விட்டதும் எழுந்தோம். அவர் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சரியாக இறக்கினார். "ஒயரத் தொடாதய்யா" என்றார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மரியாதை குறைந்தது. "நீ அதை மறுபடி திருப்பாம இரு" என்றேன் நானும். பேட்டரி பலவீனம் என்பதால் ஹாண்டில் போட்டேன். முதல் சுற்றில் ஒரு இருமல். இரண்டாம் சுற்றில் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? வசந்தாமணி அடுப்பில் எதையோ தீய விட்டுவிட்டு ஓடி வந்தாள். வெள்ளிங்கிரி அழுதார். நானும்தான். புகை என்று எழுதலாம் என்று பார்த்தேன்; புகை இல்லை.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி
பிரஷர் 134/84

ஆயில் பார்த்தேன். இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தக்காளிச்சோறு, தயிர்ச்சோறு. பின் சீட்டில் பாத்திரங்களுக்கு நடுவே வசந்தாமணி ஒரு பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருகூர் பிரிவு தாண்டும்போது, "ஏனுங்க, மூச்சு விடுங்க" என்றாள். அப்போதுதான் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. சூலூரில் சம்பந்தி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். தாரணி ஓடி வரக் கூடாது என்று யாரோ பிடித்து நிறுத்தினார்கள். அவள் நின்ற இடத்திலிருந்தே கை தட்டினாள்.

விருந்து நன்றாக நடந்தது. புளிச்சோறு பத்தவில்லை. நாற்பது பேர் சாப்பிட்டு, வளையல் போட்டு, பெண்ணை வழியனுப்பும் நேரம். தாரணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். செல்ஃபை இழுத்தேன், ஒரே இழுப்பில் பிடித்தது. நான் வந்த காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நஞ்சம்மாள் விபூதித் தட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "வர்றப்ப அவ ஏறுலியே, அதனால வந்து சேந்துச்சு. இப்ப ஏறிட்டா. எதுக்கும் பின்னால ஒரு டாக்ஸி வரட்டும்" என்றார். கெட்ட எண்ணம் இல்லை. பதற்றத்தோடு, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். தாரணி தலையைக் குனிந்து வளையல்களை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தாள்.

வண்டி நின்றால் ஒரு பேச்சு, ஓடினால் ஒரு பேச்சு. இந்த இன்ஜின் இன்னும் அறுபத்தேழு வருஷம் ஓடினாலும் என் மகள் மேல் விழுந்த சொல் போகாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளிங்கிரியைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வர மாட்டார்.

நான் இன்ஜினை அணைத்தேன். வசந்தாமணி பின்னாலிருந்து ஐயோ என்றாள். கீழே இறங்கி நின்றேன்.  சுற்றிலும் நாற்பது பேர்.

"அக்கா, அன்னிக்கு வண்டி நின்னது எங்க தாரணி ஏறுனதால இல்லைங்க. விடிகாலையில நான் பழைய ஆயில இறக்கிப்போட்டு, புது ஆயில் ஊத்த மறந்து போயிட்டனுங்க. ஒரு சொட்டு ஆயில் இல்லாம ஓட்டிட்டு வந்தேன். தப்பு என்னுதுங்க. அவமானத்துக்குப் பயந்துட்டு ரெண்டு வருசமா சொல்லாம இருந்துட்டேன்."

  நஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். வெள்ளிங்கிரி ஆமாம் என்று தலையாட்டினார். நஞ்சம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, கார்க் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து தாரணியின் கன்னத்தைப் பிடித்தார்.

"உங்கொப்பன் பண்ணுன காரியத்துக்கு உன்னையப் பேசிப்போட்டனே கண்ணு. நீயாவது என்னைய எதுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. தாரணிக்கும் கண் நிறைந்துவிட்டது.

அதற்கப்புறம் என் பக்கம் திரும்பினார். இரண்டு வருஷமாக எங்கள் பெண்ணைப் பேசியதையெல்லாம் மொத்தமாகச் சேர்த்து, பங்கு குறையாமல் என்னைப் பேசினார். கிரைண்டர், தண்ணி மோட்டார், கரண்ட் எல்லாவற்றுக்கும் என்னைப் பேசினார். கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடினார். என் வாழ்நாளில் திட்டு வாங்கி இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

மறுபடி செல்ஃபை இழுத்தேன். பிடித்தது. பின்னால் டாக்ஸி எதுவும் வரவில்லை.

சூலூர் தாண்டும்வரை தாரணி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தால், இரண்டும்.

"ஏப்பா, இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கா நீங்க ஒரு இன்ஜினையே பிரிச்சு மாட்டுனீங்க?"

 எதிரே ஒரு மேடு வந்தது, கியரை மாற்றினேன்.